எறிபந்தும் என் வீட்டுக்காரரும்

கிரிக்கெட்டைப் பற்றி என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்கவே முடியாது. பதினோரு பேர் ஆடுகிற ஆட்டம் என்று பெயர். பார்த்தால் இரண்டு மூன்று பேர்தான் ஆடுகிறார்கள். மற்றவர்கள் வெயிலில் நின்று முதுகைச் சொறிகிறார்கள். என் வீட்டுக்காரர் சித்தீக் சவூதியிலே தம்மாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய நாள் முதல் பவுண்டரி ஓரமாகவே நின்றுகொண்டிருக்கிறார். ஒரு சாயங்காலம் முழுக்க நின்றுவிட்டு வந்து, "இன்னைக்கு என் பக்கம் பந்தே வரல நஸ்ரின்" என்று சொல்லிக்கொண்டே சோற்றுத்தட்டை எடுப்பார். பந்தே வராத ஆட்டத்துக்கு எதற்கு இவ்வளவு பசி என்று கேட்டால் மட்டும் ரோஷம் வந்துவிடும்.

கபடி பார்க்கப் பிடிக்கும். ஆடினால் முட்டி தேய்ந்துவிடும், அப்புறம் தையல் மெஷினை யார் மிதிப்பது? வாலிபால் நான் பிறந்த கடையநல்லூரின் ஆட்டம். என் அண்ணன்மார் எல்லாரும் அதிலேயே வளர்ந்தவர்கள். அதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பந்து கைக்கு வந்தால் பிடிக்கக் கூடாது, தட்டிவிட வேண்டும். கைக்கு வந்ததைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

எறிபந்தில் அந்த அநியாயம் இல்லை. வலைக்கு அந்தப் பக்கமிருந்து பந்து வருகிறது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். உடம்பில் படக் கூடாது. மூன்று விநாடிக்குள் ஒரு கையால் தோளுக்கு மேலே தூக்கித் திருப்பி எறிய வேண்டும். அந்த மூன்று விநாடியும் பந்து நம்முடையது. யாரும் பிடுங்க முடியாது. எதிர்ப்பக்கம் எங்கே காலியாக இருக்கிறது என்று ஆற அமரப் பார்த்து, அங்கே போடலாம். மூன்று விநாடியில் என்ன ஆற அமர என்று கேட்பவர்கள் பிள்ளை பெற்று வளர்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருமுனையில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. மனைக்குச் சொந்தக்காரர் கடையநல்லூர் அப்துல் மஜீது. ஆள் துபாயில் இருக்கிறார். "சும்மாதான கெடக்கு, விளையாடிக்கிடுங்க" என்று அவர் போனில் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, கருவேல முள்ளை வெட்டி, கல் பொறுக்கி, இரண்டு இரும்புக் குழாயை நட்டு வலை கட்டியது நாங்கள்தான். சுற்றிலும் பச்சை நிற நிழல்வலையைக் கட்டியதும் நாங்கள்தான்.

நாங்கள் என்றால் தெருப் பெண்கள். என் வீட்டுக்காரரின் அக்கா ரசீதா மதினி எங்கள் கேப்டன். நல்ல வாட்டசாட்டம். அபாயாவுக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு அவர் சர்வீஸ் எறிந்தால் பந்து பிடிப்பவருக்கு இரண்டு நாள் உள்ளங்கை எரியும். அப்புறம் ஜெபிதா, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். பகல் ட்யூட்டி முடிந்து நேரே மனைக்கு வந்துவிடுவாள். எங்களோடு இன்னும் நான்கு பேர்.

பிள்ளைகள் ஐந்து மணிக்கு குர்ஆன் ஓதுவதற்கும் ட்யூஷனுக்கும் போய்விடும். பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசலில் சொல்கிற மஃரிப் பாங்குக்கு முன்னால் நாங்கள் வீட்டுக்குள் இருப்போம். இடைப்பட்ட அந்த நேரம்தான் எங்கள் ஆட்டம். வேறு எந்த நேரத்திலும் ஏழு பெண்களை ஒரே இடத்தில் சேர்க்க முடியாது. நான் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். ஒருத்திக்கு உலை கொதிக்கும், ஒருத்திக்கு மாமியார் கூப்பிடுவார், ஒருத்திக்குக் குழாயில் தண்ணீர் வரும்.

நான் வீட்டில் நைட்டி தைக்கிறேன். காலையில் குனிந்தால் இரவு வரை குனிந்த தலை நிமிராது. நாள் முழுக்க "உம்மா" என்றும் "மருமகளே" என்றும் "நைட்டிக்கார அக்கா" என்றும்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த மனையில் மட்டும் "நஸ்ரின், உனக்கு!" என்று யாராவது கத்துவார்கள். நிமிர்ந்து பார்த்தால் பந்து வந்துகொண்டிருக்கும். அதற்காகவே நான் மறுநாள் காலையில் குனிவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இப்படி இருக்கையில்தான் ஆனி மாதம் கடைசியில் ஒரு நாள் நாங்கள் போய்ப் பார்த்தால் மனையில் ஸ்டம்ப் நட்டிருந்தது. எங்கள் வலையைச் சுருட்டிக் குழாயில் கட்டிவைத்திருந்தார்கள். அவர்கள் ஆடுகிற பள்ளிக்கூட மைதானத்தில் கட்டட வேலை நடக்கிறது என்று கேட்டைப் பூட்டிவிட்டார்களாம். கிரிக்கெட் கோஷ்டி மொத்தமும் இங்கே இடம்பெயர்ந்திருந்தது. பவுண்டரி ஓரத்தில் என் வீட்டுக்காரர், என்னைப் பார்த்ததும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கத் தொடங்கினார்.

அவர்களின் கேப்டன் மகாராஜா, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற பையன். மரியாதை தெரிந்தவன்தான். ஆனால் பேட்டைக் கையில் எடுத்தால் பேருக்கேற்றபடி ஆகிவிடுவான்.

"அக்கா, நீங்க மத்தியானம் விளையாடுங்களேன். அப்ப இங்கன யாரும் இல்ல" என்றான்.

"மத்தியான வெயில்ல நீ வந்து ஒரு ஓவர் போடு. பாத்துட்டு நாங்க வாரோம்" என்றேன்.

"அக்கா, நாங்க வேலவெட்டிக்குப் போறவங்க."

"நாங்க இங்கன பல்லாங்குழி ஆடிக்கிட்டு இருக்கோமாக்கும்? நீ போட்டிருக்க இந்த ட்ராக் பேண்ட்டுக்கு ஜிப்பு வச்சுக் கொடுத்தது யாரு?"

அவன் குனிந்து பேண்ட்டைப் பார்த்தான். ஆனால் ஸ்டம்பைப் பிடுங்கவில்லை. அடுத்த நாள் நாங்கள் முந்திக்கொண்டு வலையைக் கட்டினோம். அதற்கு அடுத்த நாள் அவர்கள் நாலரைக்கே வந்துவிட்டார்கள். அதற்கும் அடுத்த நாள் நான் நைட்டி ஆர்டரைப் போட்டபடி போட்டுவிட்டு நாலு மணிக்கே போய் உட்கார்ந்தேன். விஷயம் எப்படியோ துபாய் வரை போய், அப்துல் மஜீதிடமிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். மக்கா, எல்லாரும் கேளுங்க. நான் இங்கன ஏசி இல்லாத ரூம்ல கெடக்கேன். நீங்க அங்கன என் மனையில சண்ட போடுதீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க. இல்லேன்னா சுத்தி கம்பி வேலியப் போட்டு உள்ள ரெண்டு எருமைய கட்டச் சொல்லிருவேன். எரும சண்ட போடாது."

அவர் சொன்னால் செய்கிற ஆள். எங்கள் இரண்டு கூட்டத்தையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசியது ஞானஒளிவு சார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், ஜெபிதாவின் கணவர். ஒரு மேட்ச் வைத்துக்கொள்வது, ஜெயிப்பவர்களுக்கு சாயங்கால நேரம், தோற்றவர்கள் அந்த நேரத்தில் மனைப் பக்கம் வரக் கூடாது என்று முடிவானது. என்ன ஆட்டம் என்பதில்தான் இழுபறி. மகாராஜா கிரிக்கெட் என்றான். ரசீதா மதினி சிரித்த சிரிப்பில் அவனே வாபஸ் வாங்கிக்கொண்டான்.

"அப்ப த்ரோபாலே ஆடுவோம். என்னத்தப் பெரிய ஆட்டம்? பிடிக்கணும், எறியணும். சின்னப் பிள்ளைய விளையாட்டு" என்றான்.

"எழுதிக் கையெழுத்து போட்டுத் தாரியா?" என்றேன்.

"வாய்ச்சொல்லே போதும்க்கா. ஆம்பள வாக்கு."

அவன் அப்படிச் சொன்னதும் எங்கள் பக்கத்தில் நான்கைந்து பேர் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகியதை நான் பார்த்தேன்.

ஆண்களில் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தபோது என் வீட்டுக்காரர் பெயர் முதலில் வந்தது. பந்து வராத இடத்தில் நின்று நின்று வீணாய்ப் போன மனிதர் என்று இதுவரை அவரைப் பற்றிச் சொன்னேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இளவட்டத்தில் கடையநல்லூர் வட்டாரத்திலேயே பேர் வாங்கிய வாலிபால் ஆட்டக்காரர் அவர். விழுந்து எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என் அண்ணன்மார் எனக்கு மாப்பிள்ளையாக அவரைப் பார்த்து வைத்ததே ஒரு வாலிபால் மேட்ச்சில்தான்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் கட்டிங் டேபிளில் துணி வெட்டுவார், எதிரே நான் மெஷினில் தைப்பேன். இருவருக்கும் நடுவே துணிதான் போய் வந்தது, பேச்சு இல்லை.

"எங்க போனாலும் இடம் கெடைக்காதுட்டி எங்களுக்கு" என்று ஒருநாள் அவரே ஆரம்பித்தார். "பசங்களும் பாவம்லா."

"நாங்க?"

"நீங்க வீட்டு மாடியில விளையாடலாம்லா."

"நீங்க வீட்டு மாடியில லாங் ஆன்ல நில்லுங்க. பந்து அங்கயும் வராது. உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு நாளும் மெஷின் சத்தம்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் மோட்டார் ஓடும்போது எனக்கு எதுவும் கேட்காது. பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் வேறு. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் அவர்தான் டேபிளிலிருந்து தலையைத் தூக்கி, வலது கையைத் தன் தலைமேல் வைத்துக் காட்டுவார். பாங்கு சொல்லுதாவ, முக்காட்டைப் போடு என்று அர்த்தம். நான் மோட்டாரை அணைத்துவிட்டு, கழுத்தில் கிடக்கும் துப்பட்டாவைத் தலைக்கு இழுப்பேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். அவர் தம்மாமில் இருந்தபோது மட்டும் எனக்குக் கைகாட்ட ஆள் இல்லாமல் இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத அந்த நாட்களிலும் பாங்கு நேரத்தில் அவர் கை தலைக்குப் போகத் தவறவில்லை. காட்டிவிட்டு முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆடி பிறந்து காற்று தூக்கிக்கொண்டு இருந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், எங்கள் ஊரில் அது அளந்து சொன்ன வார்த்தை. மேற்கே மலைப் பக்கமிருந்து வருகிற காற்று பந்தைக் கடைசி நேரத்தில் ஒரு முழம் தள்ளிவிடும். எங்களுக்கு அது தினப்படி பழக்கம். அவர்களுக்குத் தெரியாது.

ஐந்து மணி மேட்ச்சுக்கு அவர்கள் ஐந்தே முக்காலுக்கு வந்தார்கள். ஒருவன் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டானாம், எழுப்பிக் கொண்டுவர நேரமாகிவிட்டதாம். தெருவே திரண்டு மனையைச் சுற்றி நின்றது. சிவகிரி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள்கூட மூட்டையோடு நின்றார்கள். பதினைந்து பாயிண்ட், மூன்றில் இரண்டு செட் எடுத்தவர்களுக்கு வெற்றி. ஞானஒளிவு சார் நடுவர்.

"சார், உங்க வீட்டம்மா அந்த டீம்ல இருக்காவ. நியாயமா நடக்கணும்" என்றான் மகாராஜா.

"கிரவுண்டுக்குள்ள எனக்கு வீடும் இல்ல, வீட்டம்மாவும் இல்ல" என்றார் சார்.

சொன்னபடியே முதல் தப்புக்கு ஜெபிதாவைப் பார்த்துத்தான் விசில் ஊதினார். கோட்டை மிதித்துவிட்டாளாம். அவள் முறைத்த முறைப்பில் எனக்கே பயமாக இருந்தது, அவர் அசையவில்லை.

முதல் செட்டைப் பற்றி ஆண்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். அவர்கள் ஏழு பேரும் கிரிக்கெட்டுக்கு வருமுன் வாலிபாலில் ஊறியவர்கள். பந்து வந்தால் கை தானாகத் தட்டுகிறது. ஒருவன் எம்பி ஓங்கி அடித்தான், விசில். ஒருவன் விரல் நுனியால் பக்கத்து ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தான், விசில். தூக்கிக் கொடுத்ததை வாங்கி மகாராஜா ஸ்மாஷ் அடித்தான், அதற்கும் விசில். என் வீட்டுக்காரர் இரண்டு முன்னங்கையையும் சேர்த்துக் கொடுத்து அழகாகப் பந்தை எடுத்தார். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது, அதற்கும் விசில்தான்.

"அண்ணாச்சி, பிடிங்க. பிடிங்கன்னு சொல்லுதேன்லா" என்று மகாராஜா கத்திக்கொண்டே இருந்தான்.

"ஏலே சித்தீக்கு, பந்து சுடாதுலே, தைரியமா பிடி" என்று இந்தப் பக்கமிருந்து ரசீதா மதினி தம்பிக்கு ஆறுதல் சொன்னார். பாதி மனையும் சிரித்தது. செட் எங்களுக்கு வந்தது.

இரண்டாவது செட்டில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆண்கள் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருமுறை பிடித்துவிட்டால் அந்தக் கை பலத்துக்கு முன்னால் எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. பந்து வந்தது தெரிவதற்குள் தரையில் கிடந்தது. நாளை ஐந்து மணிக்கு மெஷினில் குனிந்தபடியே இருப்பேன், இந்தப் பக்கமிருந்து "போல்டு" என்று சத்தம் வரும், நான் கேட்டுக்கொண்டு ஜிப் வைப்பேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே இரண்டு பந்தை விட்டேன். செட் அவர்களுக்குப் போனது.

"ஏட்டி நஸ்ரின், எங்க பராக்கு பாக்க?" என்று ஜெபிதா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "காத்தப் பாருட்டி. அவங்களுக்கு பலம் இருக்கு, காத்து நம்ம ஆளு."

மூன்றாவது செட்டில் நாங்கள் பந்தை உயரமாக எறிந்தோம். உயரே போனால் காற்று பார்த்துக்கொள்ளும். பிடிக்கப் போகிறவன் நேரே வருகிறது என்று நிற்பான், பந்து ஒரு எட்டு தள்ளி இறங்கும். அவர்கள் தடுமாறினார்கள், நாங்கள் ஏறினோம். பிறகு அவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றுக்கு ஒன்றாகப் போய், ஆளுக்குப் பதினாலு என்று வந்து நின்றது. பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

ஞானஒளிவு சார் வாட்ச்சைப் பார்த்தார். "இருட்டப் போவுது. இழுத்துக்கிட்டே போக முடியாது. அடுத்த பாயிண்ட் யாருக்கோ அவங்களுக்கு மேட்ச். சம்மதமா?"

சம்மதம் என்றோம்.

ரசீதா மதினி சர்வீஸ் போட்டார். மகாராஜா பிடித்து எறிந்தான். ஜெபிதா பிடித்தாள், எறிந்தாள். பந்து இரண்டு மூன்று முறை வலையைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தது. என் கைக்கு வந்தபோது நான் உயரே தூக்கி எறிந்தேன். அது காற்றில் வளைந்து என் வீட்டுக்காரரிடம் போனது. அவர் நன்றாகப் பிடித்தார். பிடித்த அதே நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

எனக்குக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. காதுக்குள் என் மூச்சுதான் மோட்டார் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எறியப் போகிறார், எந்தப் பக்கம் எறிவார் என்று அவர் கையையே பார்த்தேன். அவர் எறியவில்லை. இடது கையில் பந்தை வைத்துக்கொண்டு, வலைக்கு மேலே என்னைப் பார்த்து, வலது கையைத் தன் தலைமேல் வைத்தார்.

என் கை தானாகத் துப்பட்டாவுக்குப் போனது. தலைக்கு இழுத்துவிட்டேன். அப்புறம்தான் பாங்கு காதில் விழுந்தது.

அதற்கு அடுத்து காதில் விழுந்தது விசில். ஞானஒளிவு சார் விநாடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். விரல்களை விரித்துக் காட்டி, எங்கள் பக்கம் கையை நீட்டினார். மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருந்ததால் தப்பு, பாயிண்ட் எங்களுக்கு.

பாங்கு முடியும் வரை யாரும் பேசவில்லை. முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரசீதா மதினியும் மற்றவர்களும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மகாராஜா தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, நீங்க எந்த டீம்?" என்று அழாக்குறையாகக் கேட்டான்.

என் வீட்டுக்காரர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எப்போது தலைக்குப் போனது என்று அவருக்கே தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. வலைக்கு அடியில் புகுந்து நேரே அவரிடம் போனேன்.

"வேணும்னு விட்டுக் கொடுத்தீங்களா?"

"என்னட்டி பேசுத? பாங்கு விஷயத்துல யாராவது விளையாட்டு காட்டுவாங்களா?" அவருக்கு உண்மையாகவே வலித்துவிட்டது. "உனக்குக் கேக்காதேன்னு பழக்கத்துல கை போயிட்டு. நீ மெஷின்ல இருக்கேன்னு நெனச்சுட்டேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொன்னால் அவருக்கு மூக்கு நுனி துடிக்கும். துடிக்கவில்லை. பேச்சே இல்லாமல் ஒரு வாரம் கிடந்த மனிதர், ஒரு தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, ஜெயிக்க வேண்டிய பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்காதே என்று நினைத்திருக்கிறார். இதற்குப் பிறகு என் வாய் சும்மா இருக்குமா?

"சார், இந்தப் பாயிண்ட் எங்களுக்கு வேண்டாம். மறுபடி போடுங்க" என்றேன்.

"ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா?" என்றாள் ஜெபிதா. "ரூல் ரூல்தான். எனக்குக் கோட்டை மிதிச்சேன்னு ஊதுனாருல்லா, அப்ப யாரு மறுபடி போட்டா?"

"கோட்டை நீ மிதிச்ச. இவரு ஒண்ணும் தப்பு பண்ணல. பாங்குக்கு நின்ன மனுசன்கிட்டருந்து பாயிண்ட் வாங்கி நான் தெனம் இங்கன வந்து விளையாடுனா, அது எனக்கு ஒட்டாதுட்டி."

"தோத்தா?" என்றார் ரசீதா மதினி மெதுவாக.

தோற்றால் என்ன ஆகும் என்று மற்ற எல்லாரையும் விட எனக்குத்தான் தெரியும். மதினியே அபாயாவில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "சரி, தொழுதுட்டு வாரோம். ஒரு பாயிண்ட். எவனும் வீட்டுக்கு ஓடிறக் கூடாது" என்றார்.

தொழுதுவிட்டு வந்தபோது நன்றாக மங்கிவிட்டது. மகாராஜாவின் ஆட்கள் பைக்குகளை மனையைச் சுற்றி நிறுத்தி லைட்டைப் போட்டிருந்தார்கள். கூட்டம் குறையவில்லை, கூடியிருந்தது. யாரோ சுண்டல் விற்கவே ஆரம்பித்திருந்தார்.

இந்தமுறை சர்வீஸ் அவர்களுக்கு. ஞானஒளிவு சார் காசைச் சுண்டிப் போட்டதில் அப்படி விழுந்தது. என் வீட்டுக்காரர்தான் பந்தை எடுத்தார். ஒரு பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. மனது இளகி மெதுவாகப் போடுவாரோ என்று. அப்படிப் போட்டால் வீட்டுக்குப் போய் என்னென்ன சொல்ல வேண்டும் என்றுகூடத் தயாராக வைத்திருந்தேன்.

ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த மனிதர் அவ்வளவு வேகமாக எதையும் என் பக்கம் வீசியதில்லை. வலைக்கு ஒரு விரற்கடை மேலே பறந்து நெஞ்சுக்கு நேரே வந்தது. "நஸ்ரின், உனக்கு!" என்று யாரோ கத்தினார்கள். கை இரண்டும் எப்படி முன்னால் போயின என்று தெரியாது. உள்ளங்கையில் தீப்பிடித்தது. பந்து கையில் இருந்தது.

மூன்று விநாடி. நான் ஆற அமரப் பார்த்தேன். எதிரே எல்லாரும் கொஞ்சம் பின்வாங்கி நின்றார்கள், நான் உயரே எறிவேன் என்று. வலையை ஒட்டி முன்பக்கம் காலியாகக் கிடந்தது. பைக் லைட்டில் மண் தெரிந்தது. அங்கே போட்டேன்.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார். இந்த வயதில், அந்தத் தொப்பையோடு, அப்படி ஒரு பாய்ச்சலை நான் எதிர்பார்க்கவில்லை. முழு நீளத்துக்கு மண்ணில் விழுந்து, பந்து தரையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால், இரண்டு முன்னங்கையையும் சேர்த்து அதன் அடியில் கொடுத்தார். பந்து ஜம்மென்று எழும்பி, வலையைத் தாண்டி, யாருமில்லாத மூலையில் எங்கள் பக்கத்தில் விழுந்தது. மகாராஜாவின் கோஷ்டி மனை அதிரும்படி கூச்சல் போட்டது. ஒருவனை ஒருவன் தூக்கிச் சுற்றினார்கள். அவ்வளவு அழகான வாலிபாலை நான் கடையநல்லூரிலும் பார்த்ததில்லை.

ஞானஒளிவு சார் அவர்கள் குதித்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு விசிலை ஊதினார். எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

"பிடிக்கணும்" என்றார். வேறு விளக்கம் கொடுக்கவில்லை.

கூச்சல் அப்படியே நின்றது. மண்ணில் கிடந்தபடியே என் வீட்டுக்காரர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். படுத்துக்கொண்டே சிரித்தார். எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், மதினி என்னைத் தூக்கிவிட்டார், எனக்கு மேலே வானம்தான் தெரிந்தது.

மகாராஜா வந்து வலையை அவிழ்க்க உதவினான். "அக்கா, இது சின்னப் பிள்ளைய விளையாட்டு இல்ல" என்றான். ஆம்பளை வாக்கைக் காப்பாற்றினான் என்று சொல்ல வேண்டும், காலை நேரத்தை அவர்களுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டான். காலையில் அவர்கள் எழுந்திருக்கிறார்களா என்பது வேறு விஷயம். அப்துல் மஜீதுக்கு ரசீதா மதினியே வாய்ஸ் அனுப்பினார், எருமை வேண்டாம் என்று.

மறுநாள் அவசர ஆர்டர் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் குனிந்தவள் நிமிரவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் ஓதப் போனதுகூடத் தெரியவில்லை. எதிரே ஏதோ அசைந்தது. பாங்கு போலிருக்கிறது என்று மோட்டாரை அணைத்து, துப்பட்டாவை இழுக்கப் போனேன்.

கட்டிங் டேபிளுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முழங்கையில் பிளாஸ்திரி. கை தலைமேல் இல்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து, வராத ஒரு பந்தைப் பிடிக்கிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

"மணி அஞ்சாயிட்டு" என்றார். "மிச்சத்துக்கு நான் பட்டன் வச்சுக்கிடுதேன். போ."